தொட்டி வெட்டின கல்லும் மில் இரும்பும்

சமையல் மேடைக்குக் கிரானைட் போடும்போது, பாத்திரம் கழுவும் தொட்டியைப் பதிக்க நடுவே ஒரு செவ்வகம் வெட்டி எடுப்பார்கள். கேஸ் அடுப்பை மேடைக்குள்ளேயே இறக்கி வைக்கிற வீடு என்றால் இன்னொரு செவ்வகம். அந்தத் துண்டுகள் என்ன ஆகின்றன? எங்கள் வேடசந்தூர்ப் பக்கம் பெரும்பாலும் காம்பவுண்டுச் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். கொஞ்ச நாளில் குழாயடியில் துணி துவைக்கப் போட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் சாக்கடைக்கு மூடியாகும். ரெண்டுக்கும் ஆகாதது கட்டட இடிபாட்டோடு டிராக்டரில் ஏறி ஏதாவதொரு குளத்துக்கரையில் போய் விழும்.

நான் அதைத்தான் கேட்டு வாங்குகிறேன். ஏறக்குறைய 2 அடிக்கு ஒன்றரை அடி, 18 மில்லிமீட்டர் கனம், ஒரு முகம் ஏற்கெனவே பாலிஷ் ஆனது. எடை 13, 14 கிலோ வரும். (கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.) கீழே இரும்பில் ஒரு சட்டம், நாலு கால் கொடுத்தால் டீப்பாய் முடிந்தது. கிரானைட் கடையில் கேட்டால், "தூக்கிட்டுப் போங்க தம்பி, இடமாவது காலியாகும்" என்பார்கள். கேட்கிற ஆள் ரெண்டாம் முறையும் வந்தால் மட்டும் அதற்கு ஒரு விலை முளைக்கும். அது நியாயம்தான்.

எங்கள் வீட்டு டீப்பாயைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "கல்லு எங்கே கிடைக்குது?" கல் கிடைப்பது ஒரு விஷயமே இல்லை. கல்லையும் இரும்பையும் எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. சேர்மானம் பிசகினால், தனித்தனியாக நூறு வருஷம் இருக்கக்கூடிய ரெண்டு பொருளை ஒரே குப்பையாக ஆக்கி வைப்போம். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். ஆனால் பொருளைப் பற்றிச் சொல்லாமல் சேர்மானத்துக்குப் போக முடியாது.

ஊர் தெரியாதவர்களுக்கு: திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் சாலையில் வடக்கே 20 கிலோமீட்டர் போனால் வேடசந்தூர். கீழ்ப்பழனி மலையில் பிறந்து அமராவதியில் சேரப் போகிற குடகனாறு எங்கள் வழியாகத்தான் போகிறது, தண்ணீர் இருக்கிற நாட்களில். மற்றபடி வானம் பார்த்த காடு. உழுதால் மண்ணைவிட வெங்கச்சங்கல்தான் அதிகம் புரளும். சுற்றிலும் குவாரி, கிரஷர். நடுநடுவே நூற்பாலைகள். ஆக, கல்லுக்கும் மில்லிலிருந்து கழிந்த இரும்புக்கும் இங்கே பஞ்சமில்லை.

கல்லில் எனக்குப் பிடித்தது கிரானைட் துண்டு அல்ல, கல்லுக்கால்தான். திண்டுக்கல் சமவெளியில் தோட்டத்துக்கு வேலி போட்டாலும், புடலை பாகலுக்குப் பந்தல் போட்டாலும், கொடைரோடு பக்கம் பன்னீர் திராட்சைக்குப் பந்தல் போட்டாலும் ஊன்றியது கல்லுக்கால். பாறையில் நேர்கோட்டில் குழி அடித்து, அதில் இரும்பு ஆப்புகளை வைத்து, வரிசையாக ஒவ்வொன்றையும் சம்மட்டியால் மாற்றி மாற்றி அடித்துப் பிளந்தெடுத்த நீளக் கல் அது. மெஷின் பிளேடு தொடாதது. பக்கவாட்டில் பார்த்தால் ஆப்பு இறங்கின தடம் சீராக இடைவெளி விட்டு ஓடும். கல்லுக்கு ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்த ஆள் அடித்தால்தான் ஏழடிக்குக் கோணாமல் பிளக்கும். எந்தக் கடையிலும் காசு கொடுத்து இந்த முகத்தை வாங்க முடியாது.

இப்போது சிமெண்டுக் கால் வந்துவிட்டது. தோட்டம் பிளாட் ஆகும்போது கல்லுக்கால்களைப் பிடுங்கி ஓரமாக அடுக்கிவிடுவார்கள். முழுக் கால் என்றால் இன்னொரு விவசாயி வாங்கிப் போவார், போகட்டும், அதற்கு அதுதான் சரியான இடம். முறிந்த காலை யாரும் சீந்துவதில்லை. 6 அங்குலச் சதுரத்தில் 7 அடிக் கால் ஏறக்குறைய 130 கிலோ. அது நடுவில் முறிந்து நாலடித் துண்டு கிடைத்தால் 75 கிலோ. அப்படி ரெண்டு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரு அடி அகலத்தில் உட்காருகிற பெஞ்சு. ரெண்டு பேர் தாராளமாக உட்காரலாம், மூணு பேர் ஒட்டி உட்காரலாம்.

எடுக்கும் முன்னால் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்று பேசும். உள்ளே விரிசல் ஓடினால் சத்தம் செத்துப்போயிருக்கும். சிலைக்குக் கல் தேர்ந்தெடுக்கும் ஸ்தபதிகள் இந்த ஓசையை வைத்தே கல்லை ஆண், பெண் என்றெல்லாம் பிரிக்கிற அளவுக்குப் போயிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு காது வேண்டாம். ஒரே கல்லை ரெண்டு முனையிலும் நடுவிலும் தட்டி, மூணும் ஒன்றுபோல் கேட்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆட்டுக்கல்லை வைத்து மேலே கண்ணாடி போட்டு டீப்பாய் செய்கிறார்களே, அது மட்டும் எனக்கு ஒப்பாது. கோயம்புத்தூர் கிரைண்டர் வந்து ஆட்டுக்கல்லை வாசலுக்குத் தள்ளிவிட்டது உண்மைதான். ஆனால் அதில் இன்னும் மாவு ஆட்டலாம். வேலை செய்யக்கூடிய சாமானைப் பொம்மையாக்குவதைவிட, உடைந்த அம்மியை எடுத்துப் படியாகப் போடுவது மேல்.

இனி இரும்பு. ஒரு நூற்பாலை மெஷினை மாற்றும்போது பழைய ரிங் ஃபிரேமும் கார்டிங் மெஷினும் லாட் லாட்டாக டெண்டரில் போய், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வந்து நிற்கும். அதில் ரெண்டு ஜாதி உண்டு, கலக்கக் கூடாது. ஒன்று, வார்ப்பிரும்பு: பெரிய பற்சக்கரம், மெஷினின் பக்கச் சட்டம், கால். இன்னொன்று, மைல்ட் ஸ்டீல்: ஆங்கிள், பட்டை, ஷாஃப்ட். பார்த்தால் ரெண்டும் ஒரே துருநிறம். கிரைண்டரில் ஒரு ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டீலிலிருந்து வெளிச்சமான பொறி நீளமாகப் பறக்கும், வார்ப்பிரும்பிலிருந்து மங்கலான சிவப்புப் பொறி குட்டையாக வந்து அணையும். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி இருக்கிறது. சாதாரண ராடு போட்டு வெல்டிங் வைத்தால் ஆறும்போது பக்கத்திலேயே பிளக்கும். நிக்கல் ராடு, முன்கூட்டிச் சூடேற்றுவது என்று வழி இருக்கிறது, ஆனால் ஒரு மேசைக்காக அவ்வளவு பாடு எதற்கு? ஓட்டை போட்டு போல்ட்டு மாட்டிவிடலாம்.

அடுத்தது பைப். ஊருக்கு ஊர் நின்ற இந்தியா மார்க் டூ அடிபம்புக்குள் ஒண்ணேகால் அங்குல ஜி.ஐ. பைப் 3 மீட்டர் நீளத் துண்டுகளாக இறங்கியிருக்கும். தண்ணீர் மட்டம் கீழே போய், கிணற்றில் மோட்டார் இறங்கிய பிறகு அந்தப் பைப்புகள் பஞ்சாயத்து ஏலத்திலும் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கின்றன. மரை முனை அரித்துப்போயிருக்கும், நடுப்பாகம் கெட்டியாக இருக்கும். மேசைக் காலுக்கு அருமையான சாமான். ஒரு எச்சரிக்கை: ஜி.ஐ. பைப்பின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்காமல் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும், அன்று ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியுமாகப் படுக்க வேண்டியதுதான். பட்டறைகளில் "பால் குடிச்சாச் சரியாப் போகும்" என்பார்கள். பால் நல்லதுதான், ஆனால் புகைக்கு அது மருந்தில்லை. மூட்டு வருகிற இடத்தில் ரெண்டு அங்குலம் பூச்சைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வெல்டிங் வைப்பதுதான் வழி.

லாரி ஸ்பிரிங் பட்டை பற்றியும் கேட்பார்கள். வேண்டாம், அது கொல்லருக்குப் போகட்டும். அரிவாளுக்கு அதைவிட நல்ல எஃகு நம் பக்கம் கிடையாது.

சரி, கல்லும் இரும்பும் வந்தாச்சு. ஏன் ரெண்டும் சேர வேண்டும்? கல்லாலேயே கால் வைத்துக் கல் மேசை போட்டால் என்ன?

திண்டுக்கல்லிலிருந்து வரும் வழியில் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே தூண் சிற்பங்களை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அடுத்த முறை தூணுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண். அழகுக்கும் பெருமைக்கும் வைத்ததுதான், ஆனால் அவ்வளவு நெருக்கமாக வைக்க ஒரு கட்டாயமும் இருந்தது. கல் நசுக்குகிற பாரத்தை அசராமல் தாங்கும். வளைக்கிற பாரத்தை அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். கல் உத்திரத்தை நீளமாகப் போட்டால் தன் எடையே அதன் அடிப்பக்கத்தை இழுத்துப் பிளந்துவிடும். அதனால் உத்திரம் குட்டை, தூண் நிறைய.

18 மில்லிமீட்டர் கிரானைட் துண்டு உத்திரத்தைவிட எவ்வளவோ மெலிசு. நாலு முனையில் மட்டும் தாங்கல் கொடுத்து, மேலே ஒரு ஆள் ஏறி பல்பு மாட்டினால் முடிந்தது கதை. இழுவையைத் தாங்குவதில் இரும்பு கெட்டி. ஆகவே அடியில் ஆங்கிள் சட்டம், நடுவில் குறுக்கே ஒரு பட்டை. கல்லுக்கு எங்கேயும் ஒன்றேகால் அடிக்கு மேல் தொங்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வது என் கணக்கு. கல் மேலே நசுங்கலைத் தாங்குகிறது, இரும்பு கீழே வளைவைத் தாங்குகிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி வைக்கிறோமே, அதே ஏற்பாடு, பிரித்தெடுக்க முடிகிற மாதிரி.

பிரித்தெடுக்க முடிகிற மாதிரி. இங்கேதான் எனக்கும் வெல்டிங் பட்டறை அண்ணனுக்கும் எப்போதும் வாக்குவாதம்.

"தம்பி, கல்லுப் பசை இருக்கு, நாலு பொட்டு வச்சு ஒட்டினா ஆட்டம் அசைவு இருக்காது. எதுக்கு இந்த ஓட்டை, போல்ட்டு, ரப்பர் எல்லாம்?"

"அண்ணே, வீடு மாத்தும்போது இதை எப்படித் தூக்குறது?"

"அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்ப்பா."

அப்போது பார்க்க முடியாது. எபாக்சிப் பசை பிடித்த பிறகு கழற்றப் பார்த்தால் கல் உடையுமே தவிர பசை முழுசாக விடாது. மேல் கல்லில் ஒரு மூலை தெறித்தது என்று வையுங்கள். போல்ட்டில் நிற்கிற மேசை என்றால் கல்லை இறக்கிவிட்டு வேறு துண்டைப் போடலாம், பழைய துண்டை வெட்டிச் சின்ன ஸ்டூலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒட்டின மேசை என்றால் முழுசும் வெளியே. பழைய இரும்புக் கடைக்காரர் கல் ஒட்டின இரும்பை வாங்க மாட்டார், எடையில் ஏமாற்றுகிறோம் என்பார். உருக்கு உலைக்குக் கல் கசடு. கிரஷருக்கு இரும்பு எமன், தாடையை உடைக்கும். ரெண்டு இடத்திலும் விரட்டப்பட்ட பொருளுக்கு மிச்சம் இருப்பது குளத்துக்கரைதான்.

இந்தச் சண்டை ரொம்பப் பழசு. கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரத்து பார்த்தினான் கோயிலைக் கட்டியவர்கள் பளிங்குக் கட்டிகளை இரும்புக் கவ்விகளால் இணைத்தார்கள். ஆனால் கவ்வியைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றிவிட்டார்கள். ஈயம் ஈரத்தை உள்ளே விடாது, கல்லும் இரும்பும் அசைய இடமும் கொடுக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகொலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் அந்தக் கோயிலைச் சீர்செய்தபோது ஈயமில்லாமல் இரும்பை நேராக வைத்தார். துரு பிடித்தால் இரும்பு பருக்கும், தன் பழைய அளவைப்போல் சில மடங்கு இடம் கேட்கும். பளிங்கு உள்ளிருந்தே வெடிக்க ஆரம்பித்தது. 1975இல் தொடங்கி அந்த இரும்பையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்து வருகிறார்கள். அங்கே வெயிலும் மழையும் கல்லைக் கெடுத்ததைவிட அந்த இரும்பு கெடுத்தது அதிகம் என்றே தோன்றுகிறது.

நமக்கு டைட்டானியமும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். ஈயம் விஷம், சாப்பிடுகிற மேசைப் பக்கமே அது வரக்கூடாது. லாரி டியூப் ரப்பர் போதும். பஞ்சர் கடையில் கிழிந்த டியூபை வாங்கி, ஒரு அங்குல வில்லைகளாக வெட்டி, கல் இரும்பில் உட்காருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்று வைப்பேன். அதனால் துருக்கறை கல்லில் ஏறாது. வெள்ளைக் கிரானைட்டில் துருக்கறை ஏறினால் அமிலம் போட்டாலும் முழுசாகப் போகாது. இன்னொரு பலன், வெயிலில் இரும்பு கல்லைவிடக் கூடுதலாக நீளும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்குதான், ஆனால் இறுக்கி ஒட்டின இடத்தில் தினமும் நடந்தால் பசை ஒரு ஓரத்தில் வாய் பிளக்கும். ரப்பர் அந்த நெளிவை வாங்கிக்கொள்கிறது.

டீப்பாய்க்கு போல்ட்டுகூட வேண்டாம். ஆங்கிளை உள்பக்கம் பார்த்து வெல்டிங் வைத்தால் தட்டு மாதிரி விளிம்பு வரும். கல் அதற்குள் இறங்கி உட்காரும், 13 கிலோ எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். தூக்கும்போது கல்லைத் தனியாக, சட்டத்தைத் தனியாக எடுத்துப் போகலாம். விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் விடுங்கள். கல்லுக்கால் பெஞ்சுக்கு வேறு வழி. பைப்பில் ரெண்டு தாங்கல் செய்து, மேலே 'ப' வடிவத்தில் பட்டை வளைத்துக் கல்லை அதற்குள் இறக்குவது. கல்லில் ஓட்டையே இல்லை. உளி பட்ட முகம் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் ரப்பரை ஒரு இடத்தில் ஒரு வில்லை, இன்னொரு இடத்தில் மூணு வில்லை என்று வைத்து ஆட்டத்தை எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்குத்தான் பொறுமை வேண்டும். குழந்தைகள் ஏறி ஆடுகிற இடம் என்றால் மட்டும் கல்லில் ஓட்டை போட்டு 10 மில்லிமீட்டர் போல்ட்டு மாட்டுவேன்.

ஓட்டை என்றதும் தூசு. இதைச் சாதாரணமாக எண்ணிக் கடந்து போகாதீர்கள். கிரானைட்டில் நாலில் ஒரு பங்கு, சிலதில் அதற்கும் மேல் சிலிக்காதான். காய்ந்தபடியே கட்டிங் மெஷின் வைத்தால் எழும் வெள்ளைப் புகையில் கண்ணுக்குத் தெரிகிற தூசு பெரிய தொந்தரவில்லை, அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு நுரையீரலின் அடிவரை இறங்கித் தழும்பாக்கும். சிலிகோசிஸ். வந்தால் திரும்பாது, மருந்தும் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இதை வைத்திருந்தது. ஆனால் வீடுவீடாக வந்து கிரானைட் அறுக்கிற பையனுக்குச் சட்டம் எங்கிருந்து எட்டும்? துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அறுக்கிறான். ஆஸ்திரேலியாவில், கிரானைட்டைவிட மிக அதிகமாகச் சிலிக்கா உள்ள செயற்கைக் கல் பலகையையே 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டார்கள், அறுத்த இளைஞர்கள் வரிசையாக நோயில் விழுந்ததால்.

ஆகவே என் முதல் விதி, முடிந்தவரை அறுக்காமலே வேலை செய்வது. கல்லின் அளவுக்குச் சட்டத்தைச் செய்கிறேன், சட்டத்தின் அளவுக்குக் கல்லை வெட்டுவதில்லை. கோணலாக உடைந்த துண்டு என்றால் சட்டமும் கோணல். இரும்பை வெட்டுவது சுலபம், ஆபத்தும் குறைவு. அறுத்தே தீர வேண்டும் என்றால் ஒரு ஆள் பிளேடின் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க, என்-95 முகக்கவசத்தோடு, வெட்டவெளியில். மின்சார மெஷினும் தண்ணீரும் சேருவதால், மின்கசிவைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இல்லாத பிளக்கில் மாட்டவே கூடாது. வெட்டின விளிம்பைத் தேய்க்கும்போதும் தண்ணீர்தான். காய்ந்த சேற்றைப் பெருக்காதீர்கள், ஈரமாக வழித்தெடுங்கள். பெருக்கினால் அதே தூசுதான் மறுபடி எழும்பும்.

இதெல்லாம் சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று கேட்டால், ஆமாம், ஆனால் எல்லாச் 'சுற்றுச்சூழல் மேசை'யும் அல்ல. பழைய இரும்பை உருக்கி எஃகாக்கினால் ஒரு டன்னுக்குச் சுமார் 1.4 டன் இரும்புத் தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சம் என்பது உலக எஃகுச் சங்கத்தின் கணக்கு. 2019இல் மத்திய அரசு பழைய எஃகுக்கென்று ஒரு மறுசுழற்சிக் கொள்கையே கொண்டுவந்தது. நல்லது. ஆனால் உருக்குவதற்கும் உலையும் மின்சாரமும் வேண்டும். பைப்பைப் பைப்பாகவே வெட்டிக் காலாக்கினால் உலைக்கே வேலையில்லை. இரும்பு எப்போது வேண்டுமானாலும் உருகக் காத்திருக்கும், அவசரமில்லை. அதற்குள் ஒரு முப்பது வருஷம் நம் வீட்டில் நின்றுவிட்டுப் போகட்டுமே.

கல்லில் கணக்கு வேறு. கல்லை உருக்கி மறுபடி கல்லாக்க முடியாது, உடைத்து ஜல்லியாக்கத்தான் முடியும். அதனால் பலகையாக இருக்கிற கல்லைப் பலகையாகவே வைத்திருப்பதுதான் அதற்குச் செய்கிற மரியாதை. பெரிய பிரச்சினை எடை. ராஜஸ்தானில் கிஷன்கர் என்று பளிங்கு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அறுத்த பளிங்குச் சேற்றைக் கொட்டிக் கொட்டி அங்கே பனிமலை போல ஒரு வெள்ளை மேடே உருவாகி, இப்போது ஆட்கள் அதன்மேல் நின்று கல்யாணப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், சினிமாப் பாட்டும் எடுக்கிறார்கள். அங்கிருந்து ஒரு 'கழிவுப் பளிங்கு' மேசையை ரெண்டாயிரம் கிலோமீட்டர் டீசல் எரித்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து பசுமை என்று சொல்வது என்ன கணக்கு? மரப் பெட்டியும் தெர்மோகோலும் வேறு.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. 'பழைய கல்' என்று விற்கிறார்கள், போய்ப் பார்த்தால் குவாரியில் புதுசாகப் பிளந்து, விளிம்பை வேண்டுமென்றே கொத்தி, சாந்து பூசி அழுக்காக்கியது. எங்களுக்கு இது வெறும் ஏமாற்று வேலை மட்டும் இல்லை. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது, கடவூர்த் தேவாங்கு சரணாலயம். தேவாங்குக்கென்றே இந்தியாவில் முதலாவது. அதில் வேடசந்தூர் வட்டமும் சேர்த்தி. முள்ளுக்காட்டுக் கரட்டில் ராத்திரி பூச்சி பிடித்துத் தின்கிற, சின்னப் பிராணி அது. கரடு போனால் அதற்குப் போக வேறு இடமில்லை. ஏற்கெனவே பிளந்து கிடக்கிற கல் இவ்வளவு இருக்கும்போது டீப்பாய்க்காக ஒரு கரட்டைத் தொட வேண்டுமா?

கழிவைக் கொண்டு கட்டியவர் என்றால் இந்தியாவில் எல்லாரும் நேக் சந்த் பெயரைச் சொல்வார்கள். சண்டிகரில் பொதுப்பணித் துறைச் சாலை ஆய்வாளர். புது நகரத்துக்காக இடித்த கிராமங்களின் மிச்சத்தை 1957 முதல் அரசு நிலத்தில் ரகசியமாகச் சேர்த்துச் சேர்த்து, 1976இல் பொதுமக்களுக்குத் திறந்த பாறைத் தோட்டமாக்கியவர். மகத்தான ஆள். ஆனால் எனக்கு நெருக்கமாகத் தெரிவது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. இடிபடுகிற செட்டிநாட்டு வீடுகளின் கதவு, நிலை, தூண், பீங்கான் என்று எல்லாம் அங்கே கடை கடையாக வந்து நிற்கும். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் கதவைப் பசை போட்டு ஒட்டவில்லை. தூணைத் தரையோடு சேர்த்து வார்க்கவில்லை. கல் அடிமானத்தின் மேல் மரத்தூண் உட்கார்ந்திருந்தது, ஆப்பைத் தட்டினால் நிலை கழன்று வந்தது. கழற்ற முடிந்ததால்தான் அது கடைக்கு வந்தது, கடைக்கு வந்ததால்தான் இன்னொரு வீட்டுக்குப் போகிறது. நாம் இன்று கட்டுகிற வீட்டை நாளை இடித்தால் எதைக் கழற்றி விற்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். கிரில் கேட்டும் மின்விசிறியும்தான் தோன்றியது.

பழைய கல் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலையோரத்தில் ரெண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கியைப் பார்த்திருப்பீர்கள். பெஞ்சு போலவே இருக்கும், கேட்க ஆள் இல்லாமல் கிடக்கும். பெரும்பாலும் வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக வீட்டார் வைத்தது அது. அதைத் தொடாதீர்கள். துவைகல்லாகக் கவிழ்ந்து கிடக்கிற பலகைக்கல்லைப் புரட்டும்போது அடியில் எழுத்தோ வீரன் உருவமோ தெரிந்தால் அதையும் எடுக்காதீர்கள். நடுகற்கள் இப்படித் துவைகல்லாகவும் படிக்கல்லாகவும் கிடந்து கண்டுபிடிக்கப்பட்டது பல ஊரில் நடந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், இடத்தை மாற்றாமல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் போடுகிறவர்கள் நிழல் பார்த்துப் போடுங்கள். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் மதியம் கல் பெஞ்சில் உட்கார முடியாது, வாங்கின சூட்டை ராத்திரி எட்டு மணி வரைக்கும் வைத்திருக்கும். வேப்பமரத்தடியில் என்றால் அதே கல் நாள் முழுக்கக் குளிர்ச்சி. ஆள் உட்காருகிற இடத்தில் இரும்பு வெளியே தெரியவே கூடாது. இரும்புக்குத் துருவைச் சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேலே எனாமல் ரெண்டு கோட்டு. பைப்பின் அடி வாயை மூடி வெல்டிங் வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணி உள்ளே நின்று உள்ளிருந்தே அரிக்கும்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் "ஒண்ணு செஞ்சு அனுப்ப முடியுமா?" என்று கேட்கிறார்கள். செய்து கொடுக்கிறது எனக்குத் தொழிலில்லை. தொழிலாக இருந்தாலும் 40 கிலோ மேசையை லாரியில் ஏற்றி முந்நூறு, நானூறு கிலோமீட்டர் அனுப்ப மாட்டேன். சட்டத்தின் அளவு, ஆங்கிள் கனம், ரப்பர் வைக்கிற இடம் எல்லாம் குறித்த படம் ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன், கேட்டவர்களுக்கு அதை அனுப்புகிறேன். காசு வேண்டாம். முதலில் கல்லைத் தேடிப் பிடியுங்கள், அதை அளந்த பிறகுதான் உங்கள் தெரு வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும். பட்டறைக்காரர் பசை என்று ஆரம்பித்தால் படத்தைக் காட்டிப் பேசிப் பாருங்கள். எங்கள் அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஆங்கிளை உள்பக்கம் பார்த்து வெல்டிங் வைத்துத் தருகிறார்.